வைஃபை கார்டு மாற்றப் பத்து நிமிடம், ஒயருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் ரவுட்டர் வாசல் பக்கத்து ஹாலில் இருக்கிறது. நான் உட்கார்ந்து வேலை பார்ப்பது கடைசி அறையில். நடுவில் இரண்டு ஒன்பது இஞ்சுச் சுவர், ஒரு இரும்பு பீரோ. வீடியோ மீட்டிங்கில் பாதிப் பேச்சில் நான் உறைந்துவிடுவேன். அதுவும் வாயைத் திறந்த நிலையிலேயே. மேலதிகாரி "ஆர் யூ தேர்?" என்று நான்கு முறை கேட்டதெல்லாம் ஒரு நிமிடம் கழித்து ஒரே கொத்தாக வந்து விழும்.

ரவுட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அப்புறம் சுவரை. மனைவிதான் சாதாரணமாகக் கேட்டாள்: "ஏங்க, இதே ரூம்ல என் ஃபோன்ல படம் நிக்காம ஓடுதே?" அவள் ஃபோனை வாங்கி லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே வைத்து வேகம் பார்த்தேன். எங்கள் இன்டர்நெட் இணைப்பு 100 எம்பிபிஎஸ். ஃபோனில் 92 வந்தது, லேப்டாப்பில் 16. ஒரே மேசை, ஒரே ரவுட்டர், ஒரு சாண் இடைவெளி. கோளாறு சுவரில் இல்லை, லேப்டாப்புக்குள் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. வைஃபை மந்தம் என்று எதையாவது வாங்கப் போகிறவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஃபோனிலும் மந்தமாக இருந்தால் லேப்டாப்பைப் பிரித்து ஒரு பயனும் இல்லை. ரவுட்டரை இடம் மாற்றுவதுதான் வழி.

விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஷ் என்று ஒரு கட்டளை உண்டு. அதில் டிரைவர் விவரம் கேட்டால், லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டுக்கு எந்தெந்த வைஃபை வகை தெரியும் என்று பட்டியல் போடும். என்னுடையது 802.11 பி, ஜி, என் என்று மூன்றோடு நின்றுவிட்டது. அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் பக்கமே போகாது. அது போதாதென்று ஒற்றை ஆன்டெனா கார்டு. 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் இந்த வகைக் கார்டு ரவுட்டரோடு பேசும் உச்ச இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ்தான். என் அறையில் அது 43-க்கும் 28-க்கும் இடையில் ஊசலாடிக்கொண்டிருந்தது. இணைப்பு வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் நிஜமாகக் கைக்கு வரும். அதிலும் அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்களோடு பங்கு போட வேண்டும். 2.4-ல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். என் அறையில் இருந்து பார்த்தபோது பதினான்கு ரவுட்டர்கள் தெரிந்தன. தெருக்குழாயில் மூன்று குடம் மட்டும் வைக்க இடம், பதினான்கு பேர் வரிசையில்.

சிக்னல் 52 சதவீதம் என்று காட்டியது. விண்டோஸ் காட்டும் சதவீதத்தை இரண்டால் வகுத்து அதிலிருந்து நூறைக் கழித்தால் தோராயமாக டிபிஎம் என்ற சிக்னல் பலக் கணக்கு கிடைக்கும்: 52 என்றால் மைனஸ் 74. பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். மைனஸ் 67-க்கு மேல் இருந்தால் வீடியோ பேச்சு தடங்கலில்லாமல் போகும் என்பது பொதுவான கணக்கு. பத்து டிபி குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால், ஏழு டிபி என்பது பார்க்கத்தான் சின்ன எண்.

யுஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கிச் சொருகியிருக்கலாம்தான். பலருக்கு அதுவே போதும் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் என் லேப்டாப்பில் உருப்படியான யுஎஸ்பி துளை இரண்டுதான். ஒன்றில் மவுஸ், இன்னொன்றில் வீட்டில் யாராவது ஃபோன் சார்ஜ் போடுவார்கள். தவிர, பிரித்துப் பார்க்கும் ஆசை. வாரண்டி முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. 2018-ல் வாங்கிய 15.6 இஞ்சு பிளாஸ்டிக் உடம்பு, ஐ5-8250யு பிராசசர்.

வாங்குவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன். பின்பக்கம் கண்ணுக்குத் தெரிந்த திருகுகள் பத்து, ரப்பர் பட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தவை இரண்டு. அந்த இரண்டைத் தெரியாமல் மூடியை நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். திருகுகள் மூன்று நீளத்தில் இருந்தன. ஒரு அட்டையில் லேப்டாப்பின் படம் வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அதே இடத்தில் குத்தி வைத்தேன். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேல்பக்கம் கை வைக்கும் இடத்தில் கொப்புளம் போலப் புடைத்துக்கொண்டு வரும். நண்பன் ஒருவனின் லேப்டாப்பில் பார்த்திருக்கிறேன். மூடியைச் சுற்றிவர நெம்பியது காலாவதியான ஏடிஎம் கார்டு. கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம், தழும்பு விழும்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அப்புறம் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் கரண்டையும் வெளியேற்றுவது. உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்துக்கு இரும்பு பீரோவைத் தொட்டுக்கொண்டேன். வைஃபையை மறிக்கிற பீரோ இதற்காவது ஆகட்டும்.

வைஃபை கார்டு ஓர் ஓரத்தில் இருந்தது. எம்.2 2230 என்று பெயர். 22 மில்லிமீட்டர் அகலம், 30 நீளம் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றினால் கார்டு தானாகச் சாய்வாக எழுந்து நிற்கும். அது அல்ல என்னை யோசிக்க வைத்தது. கார்டில் ஒரே ஒரு ஆன்டெனா ஒயர், கறுப்பு நிறம். நல்ல கார்டுகளுக்கு இரண்டு ஒயர் வேண்டும். சில லேப்டாப்களில் இரண்டாவது ஒயரை நுனியில் உறை போட்டு டேப் ஒட்டி எங்காவது செருகி வைத்திருப்பார்கள் என்று படித்திருந்தேன். திரை மடங்கும் ஹிஞ்ச் வரைக்கும் டார்ச் அடித்துத் தேடினேன். இல்லை. பணம் மிச்சம் பிடிக்க இரண்டாவது ஆன்டெனாவையே வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை சென்னை ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் போதும், எந்தக் காலத்து எலெக்ட்ரானிக்ஸும் ஏதாவது ஒரு கடையில் கிடைக்கும். ஒரு சின்னக் கடையில் பழைய லேப்டாப்களிலிருந்து கழற்றிய கார்டுகளைத் தட்டில் கொட்டி வைத்திருந்தார்கள், வேர்க்கடலை மாதிரி.

"எந்த ஜென் சார்?"

"எட்டாவது." பிராசசரின் தலைமுறையைத்தான் கேட்டார்.

"அப்ப இத கண்ண மூடிட்டு போடுங்க. இன்டெல் 9560. ரெண்டு ஆன்டெனா, 5 கிகா எல்லாம் வரும். அறுநூத்தம்பது."

வாங்கி வந்து போட்டேன். துளை பொருந்தியது, திருகு பொருந்தியது, விண்டோஸ் கிளம்பியது. வைஃபை என்று ஒன்று இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை. டிவைஸ் மேனேஜரில் ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறிகூடக் கிடையாது. கார்டு செத்தது என்று முடிவுகட்டி, கடைக்காரரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். திட்டியது தப்பு. கார்டு நன்றாகத்தான் இருந்தது.

9560 ஒரு முழுக் கார்டே அல்ல. சிஎன்விஐ என்று இன்டெல் கொண்டுவந்த ஏற்பாடு அது. வைஃபையின் மூளைப் பகுதியைச் சிப்செட்டுக்குள் வைத்துவிட்டார்கள்; கார்டில் இருப்பது காதும் வாயும் மட்டும். சிப்செட்டில் மூளை இல்லாத லேப்டாப்பில் அதைப் போட்டால் வெறும் தகடு. எட்டாம் தலைமுறை என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வகை பிராசசர்கள் வந்ததுதான் வினை: ஐ5-8265யு போட்ட லேப்டாப்பில் சிஎன்விஐ உண்டு, ஒரு வருடம் முந்திய என் 8250யு-வில் கிடையாது. இரண்டுக்கும் ஸ்டிக்கர் ஒன்றே. அதே சிக்கல்தான் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 கார்டுகளிலும். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் முழுக் கார்டுகள். ஏஎம்டி லேப்டாப்பிலும் வேலை செய்யும். கடைசி எண் 0 என்றால் வாங்கு, 1 என்றால் யோசி. ஏஎக்ஸ் வரிசைக்கு மட்டும் இப்படி ஞாபகம் வைத்திருக்கிறேன். 9560-ன் கடைசியில் இருக்கும் பூஜ்யம் என்னைக் காப்பாற்றவில்லையே.

கடை சாத்துவதற்குள் திரும்ப ஓடினேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "அட, யு சீரீஸ்ல அப்படி ஒரு வில்லங்கம் இருக்கா!" என்று அவரே ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். நூறு ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கழித்து, ஏஎக்ஸ்200 புதுசாக ஒன்று 1,500-க்குக் கொடுத்தார். என் ரவுட்டர் வைஃபை 5 தான். ஏஎக்ஸ்200 அதற்கு அடுத்த தலைமுறை, வைஃபை 6. அந்த வகையில் இன்டெல் 8265 என்ற பழைய வைஃபை கார்டே (பிராசசர் எண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) எனக்குப் போதுமாக இருந்திருக்கும், விலையும் பாதிதான். தட்டில் அது இல்லை. நாளைக்கு ரவுட்டர் மாறும்போது உதவும் என்று சமாதானம் செய்துகொண்டேன். கூடவே லேப்டாப் ஆன்டெனா ஒரு ஜோடி, 220 ரூபாய். மெல்லிய பிளாஸ்டிக் பட்டை, அதிலிருந்து முடி போல ஒரு ஒயர். இதில் ஒரு விஷயம்: ஒயர் நுனியில் இருக்கும் கனெக்டர் இரண்டு அளவில் வரும். எம்.2 கார்டுக்கு வேண்டியது எம்எச்எஃப்4. கடைகளில் ஐபெக்ஸ் 4 என்று கேட்டால் தருவார்கள். பழைய மினி பிசிஐ கார்டுகளின் பெரிய கனெக்டர் இதில் உட்காரவே உட்காராது.

இன்னும் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் மேலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். சில பழைய லெனோவோ, எச்பி மாடல்களின் பயாஸில், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருளில், அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் இருந்தது. அதில் இல்லாத கார்டைப் போட்டால் ஆன் செய்ததுமே தப்பு என்று சொல்லி நின்றுவிடும். என்னுடையதில் அந்தத் தொல்லை இல்லை.

ஞாயிறு காலை காபியோடு உட்கார்ந்தேன். டிரைவரை முன்னாலேயே பென் டிரைவில் இறக்கி வைத்திருந்தேன். கார்டைக் கழற்றிய பிறகு எதை வைத்து இறக்குவது? மறந்துவிட்டால் ஃபோனை யுஎஸ்பியில் மாட்டி, அதன் இன்டர்நெட்டையே லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டுக்கொள்ளலாம்.

கார்டைச் செருகுவது ஒரு வேலையே இல்லை. கனெக்டர்தான் ஆளைச் சோதிக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் அகலம், ஒரு கடுகு அளவு. ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றக் கூடாது. கனெக்டரின் அடியில் பிளாஸ்டிக் முனையைக் கொடுத்து நேர் மேலாகத் தூக்க வேண்டும். மாட்டும்போது கார்டிலிருக்கும் வட்டத்துக்கு நேர் மேலே வைத்து, ஆடாமல், நகத்தால் ஒரே அழுத்து. சரியாக உட்கார்ந்தால் விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு 'டிக்'. சரியாக உட்காராவிட்டாலும் பார்க்க அப்படியே உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். இதை நான் பின்னால்தான் கற்றுக்கொண்டேன். இந்தக் கனெக்டர்கள் ஏறக்குறைய முப்பது தடவை கழற்றி மாட்டத்தான் தாங்கும் என்பதால் சும்மா விளையாடவும் முடியாது.

பழைய கறுப்பு ஒயரை மட்டும் மாட்டி முதலில் ஓட்டிப் பார்த்தேன். டிரைவர் போட்டதும் 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்தது. ஹாலில் இணைப்பு 433, கடைசி அறையில் 130 முதல் 195. வேகச் சோதனையில் 70 வந்தது. பழைய 16 எங்கே, இது எங்கே! இங்கேயே மூடி வைத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டாவது கனெக்டர் காலியாக, வாய் பிளந்து நின்றது. இரண்டு ஆன்டெனா இருந்தால் 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்ட்ரீமாக, அதாவது இரண்டு ஓட்டமாக, 866 வரை போகலாம். வேகத்தைவிட முக்கியம், ஓர் ஆன்டெனாவுக்கு மோசமான இடம் இன்னொன்றுக்கு நல்ல இடமாக இருக்கும் என்பதால் இணைப்பு எளிதில் அறுந்துபோகாது.

முறைப்படி ஆன்டெனா திரையின் மேல் விளிம்பில் இருக்க வேண்டும். அதற்குத் திரையைச் சுற்றியுள்ள பெசல் சட்டத்தைக் கழற்றி, ஹிஞ்ச் வழியாக டிஸ்ப்ளே கேபிளோடு ஒயரை நுழைத்து வர வேண்டும். என் லேப்டாப்பின் ஹிஞ்ச் ஏற்கெனவே முனகுகிறது. தூங்குகிற நாயை எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வேறு இடம் தேடியபோது அகப்பட்டது டிவிடி டிரைவ் இருக்க வேண்டிய பொந்து. என் மாடலில் டிவிடி கிடையாது. பேருக்கு ஒரு பிளாஸ்டிக் டம்மியை வைத்து அடைத்திருக்கிறார்கள். உள்ளே தாராளமாக இடம், நான்கு பக்கமும் பிளாஸ்டிக். அப்படித்தான் நினைத்தேன்.

பட்டையை உள்ளே ஒட்டி, ஒயரைப் பேட்டரி ஓரமாகக் கொண்டுவந்து கப்டான் டேப்பால் அங்கங்கே பிடித்து, இரண்டாவது கனெக்டரில் மாட்டினேன். ஓட்டினேன். வேகத்தில் மாற்றமே இல்லை. 70 அப்படியே 70. புளூடூத் ஹெட்போன் வேறு இரண்டடி நகர்ந்தாலே விக்க ஆரம்பித்தது.

ஆன்டெனா ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சிக்னல் என்று நெட்ஷ் பிரித்துச் சொல்லவில்லை. லினக்ஸ் சொல்லும். உபுண்டு போட்ட பென் டிரைவ் ஒன்று கிடந்தது. அதிலிருந்து பூட் செய்து, டெர்மினலில் ஐடபிள்யூ கட்டளையால் ஸ்டேஷன் டம்ப் எடுத்தேன். சிக்னல் வரியில் மொத்தக் கணக்குக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இரண்டு எண்கள் வரும், ஆன்டெனாவுக்கு ஒன்று. எனக்கு வந்தது மைனஸ் 63, மைனஸ் 88. இருபத்தைந்து டிபி வித்தியாசம். இரண்டாவது ஆன்டெனா பலவீனம் என்பதல்ல, ஆன்டெனாவே இல்லை என்பதற்கான எண் அது.

மறுபடி பன்னிரண்டு திருகு. ஃபோன் கேமராவைப் பெரிதாக்கிக் கனெக்டரைப் பார்த்தேன். ஒரு பக்கம் இறங்கியிருந்தது, மறுபக்கம் ஒரு தலைமுடி கனத்துக்குத் தூக்கி நின்றது. மனைவியின் புருவ ட்வீசரால் நேராக்கி, நகத்தால் அழுத்தினேன். இந்த முறை 'டிக்' கேட்டது. மூடாமல், மல்லாத்திய நிலையிலேயே வெளித்திரை ஒன்றை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். மைனஸ் 63, மைனஸ் 76. தேவலை, ஆனாலும் பதின்மூன்று டிபி எங்கேயோ ஒழுகிக்கொண்டிருக்கிறது.

டார்ச்சை டிவிடி பொந்துக்குள் சாய்த்து அடித்தபோதுதான் பளபளப்பு தெரிந்தது. மேல் கூரையில், கீபோர்டுக்கு அடியில், முழுக்க அலுமினியத் தாள். நான் பட்டையை ஒட்டியிருந்தது சரியாக அதன் மேல். உலோகத்தின் மேல் படுத்த ஆன்டெனா தான் ஒலிக்க வேண்டிய அலைவரிசையிலிருந்து விலகிப்போகும்; தம்புராத் தந்தி மேல் கையை வைத்தபடி மீட்டுகிற மாதிரி. பட்டையை உரித்து, பக்கவாட்டில் வெறும் பிளாஸ்டிக் சுவரில், தாளிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி, நிமிர்த்தி ஒட்டினேன். மைனஸ் 62, மைனஸ் 67. பட்டையின் பசை இரண்டாவது முறைக்குச் சரியாக ஒட்டவில்லை என்பதால் மேலே ஒரு டேப்.

டிவிடி டம்மி இப்போது உள்ளே போகவில்லை. அதன் ஒரு முனை ஆன்டெனாவில் இடித்தது. எக்ஸோ பிளேடால் ஒரு மூலையை நறுக்கினேன். வெளியே தெரியாது. மூடுவதற்கு முன் ஒயர் எங்கும் திருகு மேட்டில் நசுங்கவில்லையே என்று ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தேன். அட்டையிலிருந்து பன்னிரண்டு திருகும் அதனதன் இடத்துக்குப் போயின. மணி நாலரை. மத்தியானச் சாப்பாடு மேசையிலேயே ஆறிப்போயிருந்தது, அதைப் பற்றி வந்த விமர்சனம் இங்கே வேண்டாம்.

இப்போது ஹாலில் இணைப்பு 866. கடைசி அறையில் 260-க்கும் 390-க்கும் இடையில் நிற்கிறது, வேகச் சோதனையில் 95. நம் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இதற்கு மேல் கிடைக்க வழியில்லை. ரவுட்டரில் ஒயர் போட்டு மாட்டிய டெஸ்க்டாப்புக்கு, வீட்டுக்குள்ளேயே வேகம் அளக்கும் ஐபெர்ஃப் மென்பொருளை வைத்துப் பார்த்தால் கடைசி அறையிலிருந்து 190 வருகிறது. புளூடூத்தின் விக்கலும் நின்றுவிட்டது. மொட்டை மாடியில் மட்டும் பழைய கதைதான். கான்கிரீட் தளத்தையும் அதற்குள் இருக்கும் கம்பியையும் 5 கிகாஹெர்ட்ஸால் தாண்ட முடியவில்லை, லேப்டாப் பேசாமல் 2.4-க்கு இறங்கி 30 தருகிறது. அங்கே எந்தக் கார்டும் ஒன்றும் செய்யாது.

ஒரு சில்லறைத் தொல்லை ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. மூடி வைத்துத் திறந்தால் சில சமயம் 2.4-லேயே ஒட்டிக்கொள்ளும், ரவுட்டரில் 2.4, 5 என்ற இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் வரும் குழப்பம். டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு பகுதியில் விருப்பமான பேண்டு என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பிரச்சினையும் இல்லை. ஜோடியில் மிஞ்சிய இன்னொரு ஆன்டெனா மேசை இழுப்பறையில் கிடக்கிறது, ஹிஞ்ச் உடையும் நாளுக்காக.